காய்ச்சல் விடாமல் மஞ்சள் வந்தால்: பாக்டீரியா நச்சும் கல்லீரலும்

தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வலுக்கும்போதும், பின்னர் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை நனைக்கும்போதும், காய்ச்சலோடு கண்ணில் மஞ்சளும் படர்ந்த நோயாளிகளை நாங்கள் பார்க்கிறோம். உடன் வருவோர் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "மஞ்சள் காமாலை டாக்டர். ஐந்து நாளாக மருந்து கொடுக்கிறோம், பத்தியமும் இருக்கிறார். காய்ச்சல் மட்டும் விடவில்லை." கடைசியாகச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நாங்கள் முதலில் கவனிக்கிறோம்.

மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயரன்று. ஓர் அறிகுறியின் பெயர். இரத்தத்தில் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் கூடிவிட்டது என்பதே அதன் பொருள். அது கூடியதற்குக் காரணம் பல. நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படும் ஹெபடைடிஸ் ஏ போன்ற வைரஸ் தொற்றில் காய்ச்சலும் குமட்டலும் முதலில் வரும். கண் மஞ்சளாகும் வேளையில் காய்ச்சல் பெரும்பாலும் தணிந்துவிடும். பெரும்பாலோர் ஓய்விலேயே தேறிவிடுவர். மஞ்சள் வந்த பிறகும் காய்ச்சல் தொடர்கிறது, அல்லது குளிர்நடுக்கத்தோடு ஏறுகிறது என்றால் கதை வேறு. அங்கே பாக்டீரியாவோ மலேரியாக் கிருமியோ இருக்கக்கூடும். அவற்றுக்கு உரிய மருந்து உண்டு. காலத்தே கொடுத்தால் பலன் தரும், தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் சேர்ந்து பாதிக்கப்படும். பாக்டீரியாவும் அவற்றின் நச்சும் கல்லீரலில் என்ன செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த ஐந்து நாள் காத்திருப்பு ஏன் ஆபத்தானது என்பது விளங்கும்.

கல்லீரல் நிற்கும் இடம்

வளர்ந்தவரின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நிமிடத்திற்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் அதனூடே பாய்கிறது. இதில் நான்கில் மூன்று பங்கு இதயத்திலிருந்து நேராக வருவதில்லை; குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டுப் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. நாம் உண்ட உணவின் சத்து அவ்வழியே வருகிறது. குடலில் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களின் உடைந்த துகள்களும் சிறிதளவு அவ்வழியே கசிந்து வருகின்றன. உடல் நலமாக இருக்கும் நாளிலும் இது நடக்கிறது. ஆகவே குடலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் நடுவே, வடிகட்டியாகவும் காவற்சாவடியாகவும் கல்லீரல் நிற்கிறது.

அந்தச் சாவடியின் காவலர்கள் கப்ஃபர் செல்கள். 1876-இல் கார்ல் வில்ஹெல்ம் வான் கப்ஃபர் என்னும் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் முதன்முதலில் விவரித்ததால் இப்பெயர். கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள்ளேயே இவை ஒட்டியிருந்து, வரும் இரத்தத்தில் கிருமியோ கிருமித் துகளோ தென்பட்டால் விழுங்கிச் செரித்துவிடும். இவற்றுக்கு அப்பால் வரிசை வரிசையாக இருப்பவை உழைக்கும் கல்லீரல் செல்கள். புரதம் உண்டாக்குதல், மருந்தைச் சிதைத்தல், பிலிரூபினைப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புதல் எல்லாம் அவற்றின் வேலை.

இருவகை நச்சு

பாக்டீரியா நச்சு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரு வகை உண்டு. உயிருள்ள பாக்டீரியா தயாரித்து வெளியே விடுவது ஒன்று. இதைப் புறநச்சு என்பர். தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஆகியவற்றை உண்டாக்குபவை இத்தகைய நச்சுகளே. இவற்றை வீரியம் இழக்கச் செய்து தடுப்பூசியாக்க முடியும். நம் குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் பல காலம் தயாரித்த முத்தடுப்பு ஊசியில் அவ்வாறு வீரியம் நீக்கிய இரு நச்சுகள் உள்ளன. உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்ட ஊசிதான் அது.

மற்றொன்று அகநச்சு. இது பாக்டீரியாவின் புறச்சுவரிலேயே ஓர் உறுப்பாக இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள். பாக்டீரியா இறந்து உடையும்போது இரத்தத்தில் கலக்கிறது. காலரா பாக்டீரியாவை வெப்பத்தால் கொன்ற பின்னும் அதன் உடல் நஞ்சாகவே இருப்பதைக் கண்டு, 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை அடையாளம் காட்டினார். அதே காலரா பாக்டீரியா வெளியே விடும் புறநச்சை 1959-இல் கல்கத்தாவில் நிறுவியவர் சம்பு நாத் டே. நம் நாட்டு மருத்துவர் பலரே அறியாத பெயர், அறிந்திருக்க வேண்டிய பெயர். ஒரே கிருமியில் இரு நச்சு. ஒன்று குடலின் நீரை வெளியேற்றுவது, மற்றொன்று இரத்தத்தில் கலந்தால் காய்ச்சலும் அதிர்ச்சியும் தருவது.

கல்லீரலைப் பொறுத்தவரை நாங்கள் அதிகம் அஞ்சுவது அகநச்சையே. சிறுநீர்த் தொற்று, பித்தக்குழாய்த் தொற்று, குடல் தொற்று ஆகியவற்றுக்குக் காரணமான ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை எல்லாம் இதைச் சுமப்பவை. புறநச்சு நேராகக் கல்லீரல் செல்லைத் தாக்குவது அரிது. அரிதான அந்த உதாரணம் சமையலறையில் இருப்பதால் சொல்லிவிடுகிறோம். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள், அரிசியைச் சோறாக்கும் வெப்பத்தையும் தாங்குபவை. அண்டாவில் வடித்து மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக மூடி வைத்த சோற்றில் அவை முளைத்து ஒரு நச்சை உண்டாக்கலாம். பெரும்பாலோர்க்கு இரண்டு மூன்று முறை வாந்தியோடு போய்விடும். மிகச் சிலருக்கு அது கல்லீரல் செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்திருக்கிறது. மீண்டும் சூடாக்கினால் இந்த நச்சு அழியாது. மிஞ்சிய சோற்றை விரைவில் ஆற விட்டுக் குளிர்பெட்டியில் வைப்பதே வழி.

காவலர் விளைக்கும் சேதம்

அகநச்சு கல்லீரல் செல்லைக் கத்தி போல் குத்துவதில்லை. சேதத்தின் பெரும்பகுதி நம் உடலின் எதிர்வினையால் நேர்கிறது. கப்ஃபர் செல்லின் மேல் அகநச்சைக் கண்டறியும் உணர்கருவி ஒன்று உண்டு, டி.எல்.ஆர்.4 என்பது அதன் பெயர். அகநச்சை உணர்வது இதுவே என்பதை 1998-இல் கண்டறிந்த குழுவின் தலைவர் புரூஸ் பியூட்லருக்கு 2011-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிறிதளவு நச்சு வந்தால் கப்ஃபர் செல்கள் ஓசையின்றி விழுங்கிவிடும். அளவு மீறினால் அபாய அறிவிப்பாகச் சில வேதிப்பொருள்களை வெளியிடும். அவ்வறிவிப்பைக் கேட்டு வெள்ளணுக்கள் கல்லீரலுக்குள் திரள்கின்றன. கிருமியைக் கொல்ல அவை உமிழும் பொருள்கள் பக்கத்திலுள்ள கல்லீரல் செல்களையும் சுடுகின்றன. நுண்குழாய்களின் உட்சுவர் வீங்கி, சிறு சிறு இரத்தக்கட்டிகள் அடைத்து, செல்களுக்குப் பிராணவாயு குறைகிறது. இரத்த அழுத்தமும் விழுந்துவிட்டால் இச்சேதம் பல மடங்காகிறது.

இன்னொன்றும் நடக்கிறது, மஞ்சளுக்கு முதன்மைக் காரணம் அதுவே. கல்லீரல் செல்லில் பித்தநீரைக் குடல் வழிக்குத் தள்ளும் நுண்ணிய இறைப்பான்கள் உள்ளன. மேற்சொன்ன அபாய அறிவிப்பு கிடைத்ததும் செல் அவற்றைச் சுருக்கிக்கொள்கிறது. செல் சாகவில்லை, வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது. பித்தநீர் தேங்குகிறது, பிலிரூபின் இரத்தத்திற்குத் திரும்புகிறது. சிறுநீரகத்திலோ நுரையீரலிலோ கடுந்தொற்று உள்ள ஒருவருக்கு, கல்லீரலில் கிருமி ஒன்றுகூட இல்லாமலே கண் மஞ்சளாவது இதனால்தான். "நெஞ்சுச் சளிக்குச் சேர்த்தோம், இப்போது காமாலை என்கிறீர்களே" என்று கேட்கும் குடும்பத்தாருக்கு எங்கள் விடை இதுவே.

நம் மலையில் இரு காய்ச்சல்கள்

தேயிலைத் தோட்டம், கேரட் உருளைக்கிழங்கு வயல், மாட்டுத்தொழுவம், ஓடைக்கரை என வாழும் மக்களிடம் இரு பாக்டீரியாக் காய்ச்சல்களை நாங்கள் எப்போதும் மனத்தில் வைத்திருக்கிறோம். இரண்டும் கல்லீரலைத் தொடுகின்றன. தொடும் விதம் வேறு.

முதலாவது எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரா. எலியின், சில வேளை ஆடுமாடு, நாய், பன்றியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இக்கிருமி உயிரோடிருக்கும். பாதவெடிப்பு, கவாத்துக் கத்தி பட்ட கீறல், அட்டை கடித்த புண் போன்ற தோல் திறப்புகள் வழியே நுழையும். இதன் சுவரிலும் அகநச்சு உண்டு, ஆயின் ஈ.கோலையுடையதைப் போல் வீரியமானதன்று. இதன் குறும்பு வேறு விதம். கல்லீரல் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இணைப்புகளுக்குள் சுருள்வடிவக் கிருமி புகுந்து அவற்றைப் பிரித்துவிடுகிறது. செல்களுக்கிடையே ஓடும் பித்தநீர் வாய்க்கால் உடைந்து பித்தநீர் இரத்தத்தில் கசிகிறது. எனவே கண் ஆழ்ந்த மஞ்சளாகிறது, செல்கள் மட்டும் பெரிதும் சாவதில்லை. 1886-இல் அடால்ஃப் வைல் விவரித்த இந்நோயின் கடும் வடிவத்தில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் கல்லீரலால் வருவதன்று. சிறுநீரகம் நின்றுபோவதாலும் நுரையீரலில் இரத்தம் கசிவதாலும் வருகிறது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாத வலி, சீழில்லாத கண்சிவப்பு, சிறுநீர் குறைதல், இருமலில் இரத்தம் இவற்றை நாங்கள் கேட்டுக் கேட்டுக் குறிப்பது அதனால்தான்.

இரண்டாவது ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் வாழும், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்பருவப் புழு கடிப்பதால் வருவது. இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா எல்லையில் படைவீரர்களை வாட்டிய அதே காய்ச்சல். இக்கிருமியின் சுவரில் அகநச்சு அறவே கிடையாது. உடலெங்கும் உள்ள நுண்குழாய்களின் உட்சுவர் செல்களுக்குள் குடியேறி அவற்றைக் கசிய வைக்கிறது. கல்லீரல், நுரையீரல், மூளை எல்லாம் அதன் விளைவைத் தாங்குகின்றன. கடித்த இடத்தில் வலியின்றி, சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கரும்பொருக்கு இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, இடுப்புக் கயிறு கட்டும் இடம் ஆகியவற்றில் அது மறைந்திருப்பதால், நோயாளிக்கே தெரியாது. ஆடை நீக்கிப் பார்க்கக் கேட்கும்போது கூச்சப்படுவது இயல்பே. ஆனால் அந்தப் பொருக்கு ஒன்று கண்ணில் பட்டால் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கிவிடலாம். டாக்சிசைக்ளின் தொடங்கியபின் பெரும்பாலோர்க்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கடுமையான நோயில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழி கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்பதை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய, 794 நோயாளிகள் அடங்கிய ஆய்வு 2023-இல் காட்டியது. இரண்டு மருந்து எதற்கு என்று கேட்போருக்காக இதைச் சொல்கிறோம்.

டைபாய்டிலும் கல்லீரல் வீங்குவதுண்டு; சிலருக்கு மஞ்சளும் வரும். அது நீர் வழி வருவது என்பதால் ஒரு சிறு குறிப்பு. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வந்தவுடன் அடுப்பை அணைக்காமல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

பரிசோதனைத் தாளில் எதைப் பார்க்கிறோம்

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று தாளில் இருப்பவை கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் உடைந்தால் அவை இரத்தத்தில் கொட்டும். வைரஸ் காமாலையில் இவை ஆயிரத்தைத் தாண்டிப் போவது வழக்கம். எலிக்காய்ச்சலிலோ கடுந்தொற்றிலோ பிலிரூபின் 10, 15 என்று ஏறியிருக்க, நொதிகள் பெரும்பாலும் சில நூறுக்குள்ளேயே நிற்கும். செல் உடையவில்லை, பித்தநீர் கசிந்தது அல்லது தேங்கியது என்று மேலே சொன்னதன் சாட்சி அதுவே. இரத்த அழுத்தம் விழுந்து கல்லீரலுக்கு இரத்தம் போகாதிருந்தால் மட்டும் நொதிகள் ஓரிரு நாளில் பல ஆயிரம் ஏறும். அதனால் நொதி எண் குறைவாக இருப்பதைப் பார்த்து "நோய் லேசானது" என்று வீட்டில் முடிவுகட்ட வேண்டாம். கிரியாட்டினின், தட்டணு எண்ணிக்கை, இரத்தம் உறையும் நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் நாங்கள் கணிக்கிறோம்.

வீட்டில் மஞ்சளைப் பார்க்க விரும்புவோர், பகல் வெளிச்சத்தில் வாசலுக்கு அழைத்துவந்து, கீழ்நோக்கிப் பார்க்கச் சொல்லி மேலிமையைத் தூக்கி வெண்விழியைப் பாருங்கள். லைன் வீட்டின் மங்கிய விளக்கில் மஞ்சள் தெரியாது. சிறுநீர் கடுந்தேநீர் நிறமாவது கண் மஞ்சளாகும் முன்பே தெரியக்கூடும்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காத குடும்பம் இல்லை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்போரிடம் அது பலன் தந்ததாக லான்செட் இதழில் எழுதினர். பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. அவை எல்லாம் வைரஸ் பற்றியவை என்பதை நினைவில் கொள்க. தானே ஆறிவிடும் ஹெபடைடிஸ் ஏ-யில் எதைக் கொடுத்தாலும் குணமானது போல் தோன்றும். பாக்டீரியாத் தொற்றில் அந்த நாள்கள் வீணாகும் நாள்கள். கூடலூரின் உட்பகுதியிலிருந்து உதகைக்கே 50 கிலோமீட்டருக்கு மேல் கொண்டையூசி வளைவுகளில் வர வேண்டும். மூச்சுத் திணறத் தொடங்கிய பின் புறப்பட்டால் அந்தப் பாதை மிக நீளமானது.

ஏற்கெனவே கல்லீரல் சுருங்கியவர்

மதுவாலோ கொழுப்புப் படிவாலோ ஹெபடைடிஸ் பி, சி-யாலோ கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியவர்களைக் கவனித்துக்கொள்ளும் மனைவி, மக்கள் இப்பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். இவர்களிடம் காவற்சாவடி இரு வகையிலும் உடைந்திருக்கிறது. போர்ட்டல் இரத்தம் தழும்பைச் சுற்றி வேறு வழியாகப் போவதால் வடிகட்டப்படாமலே உடலில் கலக்கிறது. குடலின் உட்சுவரும் வலுவிழந்திருப்பதால் கசிவு அதிகம். மது இக்கசிவை இன்னும் கூட்டும், சத்துக்குறைவும் அவ்வாறே. நூறாண்டுக்கு முன் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் குரங்குகளுக்குச் சத்தற்ற உணவு கொடுத்துப் பார்த்தபோது முதலில் கெட்டவற்றுள் ஒன்று குடல்தான். அவர் அங்கு 1918-இல் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத் சென்று, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. கல்லீரல் நோயாளியைக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்துப் பட்டினி போட வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டை, பருப்பு, பால் வேண்டும். இரவு படுக்குமுன் ஒரு சிற்றுண்டியும் வேண்டும்.

இவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வராமலே போகலாம். வேறு அடையாளம் இருக்கும்: பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சுக் குழறல், சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் தடுமாறுதல், நீட்டிய கை சிறகடிப்பது போல் ஆடுதல், வயிறு திடீரெனப் பெருத்து வலித்தல், கறுத்த மலம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே அழைத்து வாருங்கள். வயிற்று நீரில் ஊசி செலுத்திச் சிறிது எடுப்பது சிகிச்சையைத் தீர்மானிக்கும் பரிசோதனை. அதில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-க்கு மேல் நியூட்ரோஃபில் வெள்ளணு இருந்தால் வளர்ப்புச் சோதனைக்குக் காத்திராமல் மருந்து தொடங்குகிறோம். லாக்டுலோஸ் மருந்தை "வெறும் பேதி மருந்து" என்று நிறுத்திவிடுவோர் உண்டு. குடல் பாக்டீரியா உண்டாக்கும் நச்சு மூளைக்கு ஏறாமல் இருக்கவே அது. நாளைக்கு இரண்டு மூன்று முறை மலம் இளகிப் போகும் அளவே சரியான அளவு. காய்ச்சலுக்கோ வலிக்கோ பாரசிட்டமால் தேவைப்பட்டால் இவர்களுக்கு நாளொன்றுக்கு மொத்தம் 2 கிராமுக்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் அறவே கூடாது.

சிகிச்சை தொடங்கிய பின்

எலிக்காய்ச்சலுக்கு முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் சிலருக்குக் குளிர்நடுக்கம் கூடிக் காய்ச்சல் ஏறும். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று உறவினர் பதறுவர். மருந்தால் பாக்டீரியாக்கள் ஒரே நேரத்தில் உடைந்து தங்கள் உட்பொருளை இரத்தத்தில் கொட்டுவதால் வருவது இது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வாமையா இதுவா என்று பிரித்தறிவது எங்கள் பொறுப்பு; செவிலியரிடம் உடனே சொல்லிவிடுவது உங்கள் பங்கு.

காய்ச்சல் நின்று, பசி வந்து, சிறுநீர் நன்றாகப் போய், நோயாளி எழுந்து நடக்கும்போதும் கண் மஞ்சளாகவே இருக்கும். "காமாலை இறங்கவில்லையே, எப்படி வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்?" என்பது விடுப்பு நாளில் நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி. பல நாள் தேங்கிய பிலிரூபினின் ஒரு பகுதி, இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. அது சிறுநீரில் வெளியேறாது; அந்த அல்புமின் சிதையும்போதுதான் போகும். அல்புமினில் பாதி சிதையவே ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். எனவே சிறுநீர் தெளிந்த பின்னும் சில வாரம் வெண்விழியில் மஞ்சள் தங்கும். முன்பு நலமாக இருந்த கல்லீரல் இத்தகைய தாக்குதலுக்குப் பின் பெரும்பாலும் தழும்பின்றி மீள்கிறது. இரண்டாம் வார மறுபரிசோதனைக்கு வரும்போது பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை எல்லாம் கொண்டு வாருங்கள். எண் இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும், கண்ணின் நிறத்தை அன்று. இடையில் மீண்டும் காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.